நூற்றுக்கு எத்தனை? எதன் மேல்?

(தூத்துக்குடியில் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மைப் பேச அழைத்தவர்கள், ஒரு பொருளின் விலையோ கூலியோ வரியோ ஏறும்போதும் இறங்கும்போதும், அது நூற்றுக்கு எத்தனை ஏறிற்று, நூற்றுக்கு எத்தனை இறங்கிற்று என்று கணக்கிடுவதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். "சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுகிற இந்த ஆசாமிக்குக் கணக்குப் பாடத்தில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. நாம் காலேஜில் படித்துக் கணக்கில் பட்டம் வாங்கினவரல்ல. நமக்குத் தெரிந்த கணக்கெல்லாம் கடைத் தராசிலும், சந்தையிலும், கடன் சீட்டிலும், நாமே தேடிப் படித்த நாலு புத்தகத்திலும் கற்றுக்கொண்டதுதான்.

ஆனால் ஒரு சங்கதி நமக்கு நன்றாய்த் தெரியும். ஜனங்களை ஏமாற்றுகிறவன் எப்போதும் இரண்டு சாமான்களைக் கையில் வைத்திருக்கிறான். ஒன்று, கேட்கிறவனுக்குப் புரியாத மந்திரம். மற்றொன்று, கேட்கிறவனுக்குப் புரியாத கணக்கு. மந்திரத்தைப் பற்றி வேறு நாள் பேசிக் கொள்ளலாம். இன்றைக்குக் கணக்கைப் பற்றி மாத்திரம் பேசுவோம்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். "கணக்கு நம்ம பிள்ளைக்கு வராது, அதற்கென்று தனி மூளை வேண்டும், அது அந்தந்தக் குலத்துக்கு வருகிற வித்தை" என்று தாய் தகப்பன்மாரே பிள்ளையின் காதுபடச் சொல்லுகிறார்கள். இது தலைவிதியை நம்புவதில் சேர்ந்ததே தவிர வேறல்ல. மீன் ஏலம் போடும்போது, எழுத்துக் கூட்டத் தெரியாத நம் தாய்மார்கள், ஒரு கூடை இன்ன விலை, அதில் இத்தனை மீன், ஒன்று இன்ன விலைக்கு விற்றால் இவ்வளவு மிஞ்சும் என்று மூச்சு விடுவதற்குள் சொல்லி விடுகிறார்களா இல்லையா? அந்தத் தாயின் பிள்ளைக்குக் கணக்கு வராதென்றால், வராதது பிள்ளைக்கா, சொல்லிக் கொடுத்தவருக்கா என்று கேட்கிறோம்.

இப்போது பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் சதவீதம் என்று ஒரு பாடம் வருகிறது. பல இடங்களில் உபாத்தியாயர் பலகையில் ஒரு சூத்திரத்தை எழுதிப் போடுகிறார். பிள்ளைகள் அதை ஏட்டில் எழுதி, ராகம் போட்டு நெட்டுருப் பண்ணுகிறார்கள். பரீட்சைக்கு மறுநாள் அது மறந்து போகிறது. "ஏன் வகுத்தாய்? ஏன் அந்த எண்ணால் வகுத்தாய்? ஏன் இந்த எண்ணால் வகுக்கவில்லை?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதற்குப் பேர் கணக்கா? அதுவும் மந்திரந்தானே தோழர்களே!

ஆகவே சூத்திரம் கடைசியில் வரட்டும். முதலில் வரவேண்டியது ஒரே ஒரு கேள்வி. அது "எதன் மேல்?" என்கிற கேள்வி. நூற்றுக்கு 25 ஏறிற்று என்று யார் சொன்னாலும், அது அரை வார்த்தைதான். எதன் மேல் நூற்றுக்கு 25 என்று சொன்னால்தான் அது முழு வார்த்தையாகும். இந்த ஒரு கேள்வியைப் பிள்ளையின் நாக்கில் ஏற்றிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பது நமது அபிப்பிராயம்.

நூற்றுக்கு இத்தனை என்பது என்ன? பெரிய வித்தையல்ல. பெரியவர்களுக்கு அணாக் கணக்கு ஞாபகமிருக்கும். ரூபாய்க்கு 16 அணா. ஆகவே ரூபாய்க்கு ஓரணா என்றால் 16-இல் ஒரு பங்கு, அதாவது வீசம், நூற்றுக்கு ஆறேகால். ரூபாய்க்கு நாலணா என்றால் கால் பங்கு, நூற்றுக்கு 25. எட்டணா என்றால் அரை, நூற்றுக்கு 50. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரூபாயை 100 நயாபைசாவாகப் பிரித்து விட்டபடியால் சங்கதி இன்னும் சுலபமாகிவிட்டது. நூற்றுக்கு 12 என்றால் ரூபாய்க்கு 12 பைசா. அவ்வளவுதான். பிள்ளைக்குச் சதவீதம் என்கிற வார்த்தையைக் காட்டிப் பயமுறுத்தாமல், "ரூபாய்க்கு எத்தனை பைசா?" என்று கேட்டுப் பாருங்கள். மிட்டாய் வாங்குகிற பிள்ளை பட்டென்று பதில் சொல்லும்.

இனி ஏற்ற இறக்கத்துக்கு வருவோம். இந்த ஊரில் உப்பைவிட நல்ல உதாரணம் வேறென்ன வேண்டும்? பிரிட்டிஷ் சர்க்கார் உப்புக்கு வரி போட்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்ததே. சுமார் 37 கிலோ எடையுள்ள வங்காள மணங்கு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று அந்த வரி. அது ஏறி இறங்கின சரித்திரத்தை எடுத்துக் கொண்டால் ஒரு முழுப் பாடப் புத்தகமே அதில் இருக்கிறது.

1882-இல் மணங்குக்கு வரி 2 ரூபாய். 1888-இல் அதை இரண்டரை ரூபாயாக்கினார்கள். ஏறினது எட்டணா. எதன் மேல் ஏறிற்று? 2 ரூபாயின் மேல். 2 ரூபாயில் எட்டணா கால் பங்கு. ஆகவே ஏற்றம் நூற்றுக்கு 25.

1903-இல் அந்த இரண்டரையை மறுபடியும் 2 ரூபாயாகக் குறைத்தார்கள். இறங்கினதும் அதே எட்டணாதான். "ஏறினது 25 என்றால் இறங்கினதும் 25-தானே?" என்று பிள்ளை சொல்லும். அடிக்காதீர்கள்! பெரியவர்களும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். "தம்பி, எதன் மேல் இறங்கிற்று?" என்று கேளுங்கள். இரண்டரை ரூபாயின் மேல் இறங்கிற்று. இரண்டரை ரூபாயில் எட்டணா ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே இறக்கம் நூற்றுக்கு 20-தான். அதே வரி, அதே எட்டணா. மேலே போகும்போது 25, கீழே வரும்போது 20.

இதைப் பிள்ளைக்கு வாயால் சொல்லுவதைவிடக் கையால் காட்டுவது மேல். ஒரு நீளக் காகிதத்தை எடுத்து ஐந்து சமமாக மடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடிப்பும் எட்டணா. மொத்தம் இரண்டரை ரூபாய். ஒரு மடிப்பைக் கிழித்து எடுத்து விடுங்கள். ஐந்தில் ஒன்று போயிற்று. நூற்றுக்கு 20 குறைந்தது. கையில் மிஞ்சினது நாலு மடிப்பு. கிழித்த துண்டை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். இப்போது நாலுக்கு ஒன்று சேருகிறது. நூற்றுக்கு 25 கூடிற்று. துண்டு ஒன்றுதான், அது எதிலிருந்து போயிற்று, எதனோடு சேர்ந்தது என்பதுதான் வேறு. இதைத் தன் கையால் கிழித்து ஒட்டின பிள்ளை சாகும் வரையில் மறக்காது. ஒரு காகிதத்துக்கு மேல் செலவுமில்லை.

இன்னும் கேளுங்கள். 1905-இல் 2 ரூபாய் ஒன்றரை ரூபாயாயிற்று. 1907-இல் ஒன்றரை 1 ரூபாயாயிற்று. 1903, 1905, 1907 ஆக மூன்று தடவையும் குறைந்தது எட்டணா எட்டணாதான். ஆனால் முதல் தடவை அது நூற்றுக்கு 20; இரண்டாந் தடவை நூற்றுக்கு 25; மூன்றாந் தடவை நூற்றுக்கு முப்பத்து மூன்றே சொச்சம். எட்டணா மாறவில்லை. எதன் மேல் என்பது மாறிற்று.

இந்த மூன்றையும் கூட்டினால் 78-க்கு மேல் வருகிறது. "மூன்று தடவையில் வரியை நூற்றுக்கு 78 குறைத்து விட்டோம்" என்று ஒருவன் மேடையில் பேசினால் கைதட்ட ஆளிருக்கும். ஆனால் வாஸ்தவம் என்ன? இரண்டரை ரூபாய் 1 ரூபாயாயிற்று. குறைந்தது ஒன்றரை ரூபாய். இரண்டரையில் ஒன்றரை ஐந்தில் மூன்று பங்கு, நூற்றுக்கு 60. அடுத்தடுத்து வந்த சதவீதங்களைக் கூட்டுவது, ஒன்றை ரூபாயிலும் ஒன்றைப் படியிலும் ஒன்றை முழத்திலும் அளந்து மூன்றையும் கூட்டுவது போலத்தான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு.

பிறகு 1916-இல் 1 ரூபாய் ஒன்றேகால் ஆயிற்று. 1923-இல் சட்டசபை வேண்டாமென்று சொல்லியும் வைசிராய் ரீடிங் பிரபு தம் அதிகாரத்தால் அதை இரண்டரை ரூபாயாக்கினார். ஏற்றம் நூற்றுக்கு 100. மறு வருஷம், 1924-இல், மறுபடி ஒன்றேகாலாக இறங்கிற்று. இறக்கம் நூற்றுக்கு 50. 100 ஏறி 50 இறங்கினால் இன்னும் 50 பாக்கி நிற்கவேண்டுமே என்று ஒருவன் வாதாடினால் என்ன சொல்வீர்கள்? வரி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பாக்கி ஒரு தம்பிடிகூட இல்லை.

1931-இல் இந்த வரியின் மேல் நூற்றுக்கு 25 மேல்வரி போட்டார்கள். ஒன்றேகால் ரூபாய்க்கு 20 அணா. அதில் கால் பங்கு 5 அணா. ஆக வரி 1 ரூபாய் 9 அணா. இந்தத் தடவை சதவீதத்தைக் கொடுத்து விலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுகிறோம். இப்படி முன்னும் பின்னும் போட்டுப் பழக வேண்டும். கடைசியில் 1947-இல் உப்பு வரியே எடுபட்டுப் போயிற்று. அது நூற்றுக்கு 100 இறக்கம். இதற்கு மேல் எதுவும் இறங்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். ஏற்றம் நூற்றுக்கு 100-ஐத் தாண்டி 200, 300 என்றும் போகும். இறக்கத்துக்கு 100-தான் தரை. அதோடு, ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று புதிதாய் முளைத்தால் அதை நூற்றுக்கு இத்தனை ஏற்றம் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் "எதன் மேல்?" என்றால் காட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இவ்வளவும் ஆனபின் சூத்திரத்தைச் சொல்லுங்கள். சொல்லவேண்டியதே இராது, பிள்ளையே சொல்லிவிடும். பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கவேண்டியது. அந்த வித்தியாசத்தைப் பழையதால் வகுத்து 100-ஆல் பெருக்கவேண்டியது. ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, வகுப்பது பழையதால்தான். ஏனென்றால் மாறுதல் நடந்தது பழையதன் மேல். காரணம் தெரிந்து வந்த சூத்திரம் மறக்காது; மறந்தாலும் காரணத்திலிருந்து மறுபடியும் உண்டாக்கிக் கொள்ளலாம்.

இனி இந்தத் துறைமுகத்துக்கே வருவோம். இன்று பெரிய துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பேர் இருக்கிறது. 1974-இல் பெருந்துறைமுகமாகி 2011-இல் அவர் பேரைப் பெற்றது. அவர் 1906-இல் இவ்வூரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. மூலதனம் 10 லட்சம். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கொழும்புப் பிரயாணத்துக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே அவர்கள் கட்டணமே வேண்டாம், ஏறி வாருங்கள் என்று சொல்லி, கையில் ஒரு குடையையும் இனாமாய்க் கொடுத்தார்கள் என்பது ஊரறிந்த வரலாறு.

இதில் கணக்கு எங்கே இருக்கிறது? 1 ரூபாயை எட்டணாவாக்குவது நூற்றுக்கு 50 இறக்கம். மறுபடி 1 ரூபாயாக்க வேண்டுமானால் நூற்றுக்கு 100 ஏற்றவேண்டும். இறங்குவது சுலபம், ஏறுவது கஷ்டம் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று. இந்தப் போட்டியில் இருவருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் நஷ்டம் வந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்ச மூலதனக்காரனுக்கு அது நூற்றுக்கு 10. ஒரு கோடி உள்ளவனுக்கு நூற்றுக்கு 1. நஷ்டம் ஒன்றே, ஆனால் ஒருவனுக்கு அது விலா எலும்பு முறிவு, மற்றவனுக்குக் கொசுக்கடி. பெரிய முதலாளி இனாமாய்க் குடை கொடுக்கும்போது அது தர்மமா, கணக்கா என்று தெரிந்துகொள்ள இந்தப் பாடம் வேண்டும். கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டதற்குச் சிறையும் அடக்குமுறையும் காரணம் என்பது உண்மைதான். அதோடு இந்தக் கணக்கும் அதன் எதிரே நின்றது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அதே சமயத்தில் 1908-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி இவ்வூர்க் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். மார்ச்சு முதல் வாரத்தில் மில்காரர்கள் இறங்கி வந்து, கூலியை நூற்றுக்கு 50 உயர்த்திக் கொடுக்கச் சம்மதித்தார்கள். பெரிய வெற்றி. இப்போது ஒரு தந்திரக்கார முதலாளியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். எட்டணாக் கூலியை நூற்றுக்கு 50 உயர்த்திப் பன்னிரண்டு அணாவாக்கி விட்டு, சில மாதம் கழித்து, "நாம் கொடுத்தது 50, இப்போது வியாபாரம் மந்தம், 33 மாத்திரம் குறைத்துக் கொள்ளுகிறோம், அப்போதும் உங்களுக்கு 17 மிஞ்சுகிறதே!" என்று அவன் சொன்னால், கணக்குத் தெரியாத தொழிலாளி தலையை ஆட்டி விடுவான். பன்னிரண்டு அணாவில் 33 என்றால் மூன்றில் ஒரு பங்கு, நாலணா. நாலணா போனால் மிச்சம் பழைய எட்டணாதான். போராடி வாங்கினதை ஒரு பென்சிலால் பிடுங்கிக் கொள்ளலாம்!

இதை உப்பளத்துத் தோழர்கள் வேறு விதமாகவும் பார்க்கலாம். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நூற்றுக்கு 10 குறைத்தால் 360. மழை விட்டபின், "குறைத்த 10-ஐத் திருப்பிக் கொடுத்து விட்டோம்" என்று நூற்றுக்கு 10 கூட்டினால் எவ்வளவு? 360-க்கு 36 கூடி 396. நாலு ரூபாய் எங்கே போயிற்று? காற்றோடு போயிற்றா? எதன் மேல் என்று கேட்காதவன் பையிலிருந்து போயிற்று.

முத்துக்குளிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கடலில் சர்க்கார் மேற்பார்வையில் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்று போய்விட்டது. முற்காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூச்சடக்கிக் குளித்தவனுக்கு என்பது வழக்கமாயிருந்தது. ஒரு படகு 3,000 சிப்பி எடுத்தால் 2,000 சர்க்காருக்கு, 1,000 குளித்தவர்களுக்கு. "பாதிப் பங்கு கொடுங்கள்" என்று அவர்கள் கேட்டு, சர்க்கார் இணங்கியிருந்தால் ஆளுக்குப் பாதியாக 1,500 ஆகும். இதைச் சர்க்கார் அதிகாரி எப்படி எழுதுவார்? "நமது பங்கில் நூற்றுக்கு 25 நஷ்டம்" என்று எழுதுவார். மேலதிகாரி, "அவர்கள் பங்கு 33-லிருந்து 50 ஆயிற்று, 17 தானே கூடிற்று" என்பார். குளித்தவனைக் கேட்டால் "ஆயிரம் ஆயிரத்தைந்நூறாயிற்று, நூற்றுக்கு 50 கூடிற்று" என்பான். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் வேறு வேறு அடியின் மேல் நின்று பேசுகிறார்கள். எவன் எந்த அடியை எடுத்துக் கொள்ளுகிறான், ஏன் எடுத்துக் கொள்ளுகிறான் என்று கண்டுபிடிப்பதுதான் பகுத்தறிவு.

இன்றைக்கு வட்டி விஷயத்தில் இதே வேடிக்கைதான் நடக்கிறது. வட்டி 8-லிருந்து 10 ஆனால் "இரண்டுதானே கூடிற்று" என்கிறார்கள். வட்டி கட்டுகிறவனுக்கு 8 ரூபாய் 10 ரூபாயாயிற்று. அவன் சுமை நூற்றுக்கு 25 கூடிற்று. ஊர்க் கடனில் "இரண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2, வருஷத்துக்கு 24. பழைய நாளில் "ரூபாய்க்கு ஓரணா, என்ன பெரிய வட்டி?" என்பார்கள். மாதம் ஓரணா என்றால் நூற்றுக்கு ஆறேகால், வருஷத்துக்கு 75! ஓரணா என்று சொல்லும்போது சின்னதாயிருக்கிறது. ஆகவே "எதன் மேல்?" என்பதோடு "எத்தனை நாளைக்கு?" என்கிற கேள்வியும் பிள்ளைக்கு வேண்டும்.

இன்னொரு விதம் உண்டு. 1,000 ரூபாய் கடன். வட்டி 100-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு கையில் 900 கொடுப்பான். வாரம் 100 வீதம் பத்து வாரத்தில் 1,000 கட்டவேண்டும். "நூற்றுக்குப் பத்துத்தானே?" என்பான். கையில் வாங்கினது 900. அதன் மேல் 100 என்றால் நூற்றுக்கு 11-க்கு மேல். அதுவும் வருஷத்துக்கல்ல, பத்து வாரத்துக்கு. அதிலும் முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்குவதால் 900-மும் பத்து வாரம் கையில் இருப்பதில்லை. 2003-இல் தமிழ்நாடு சர்க்கார் அநியாய வட்டியைத் தடுக்கச் சட்டம் செய்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கைநாட்டு வைக்கிற நேரத்தில் சட்டம் பக்கத்தில் வந்து உட்காராது. படித்த பிள்ளை உட்காரலாம்.

கடைவீதிக்கு வாருங்கள். ஆடி மாதம் வந்தால் தள்ளுபடி. "50-க்கு மேல் இன்னும் 20 தள்ளுபடி" என்று பலகை தொங்குகிறது. ஜனங்கள் 70 என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். 1,000 ரூபாய்ச் சேலை 50 போய் 500. அந்த 500-இல் 20 போய் 400. ஆகத் தள்ளுபடி 60-தான். இதுகூடப் பரவாயில்லை. முதல் நாள் 1,000 ரூபாய்ச் சேலைக்கு 1,500 என்று சீட்டு ஒட்டி, மறுநாள் நூற்றுக்கு 30 தள்ளுபடி என்றால் விலை 1,050. தள்ளுபடியில் வாங்கினவள் 50 ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாய் வீட்டுக்குப் போகிறாள். "அண்ணாச்சி, தள்ளுபடி கிடக்கட்டும், போன வாரம் இது என்ன விலை?" என்று கூட வந்த பெண் கேட்டால் கடைக்காரர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவேதான் பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கிறவர்களை நாம் நம்புவதில்லை. குடும்பத்தில் செலவு செய்கிறவள் பெண்ணென்றால் கணக்கு முதலில் அவளுக்குத்தான் வேண்டும்.

பத்திரிகை படிக்கும்போதும் இது வேண்டும். இந்தத் துறைமுகம் 2019-20-இல் கையாண்ட சரக்கு சுமார் 361 லட்சம் டன். கொரோனாக் காலமான 2020-21-இல் அது சுமார் 318 லட்சம். குறைந்தது 43 லட்சம். 361-இல் 43 என்பது நூற்றுக்குச் சுமார் 12. அடுத்த வருஷம் 341 லட்சமாயிற்று. நூற்றுக்கு 7-க்குச் சற்று மேல் வளர்ச்சி. வளர்ச்சி என்ற வார்த்தையைப் படித்தவுடன் பழையதைத் தாண்டிவிட்டது என்று நினைக்கக்கூடாது. 361-க்கு இன்னும் 20 லட்சம் குறைவுதான். 318-லிருந்து 361-ஐத் தொட நூற்றுக்கு பதின்மூன்றரை ஏறவேண்டும். 2022-23-இல் 380 லட்சமானபோதுதான் பழைய அளவு தாண்டிற்று. சதவீதத்தை மாத்திரம் சொல்லி மொத்தத்தைச் சொல்லாதவனிடத்தில் மொத்தத்தைக் கேளுங்கள். ஒரு கோழி வைத்திருந்தவன் இன்னொன்று வாங்கினாலும் அது நூற்றுக்கு 100 வளர்ச்சிதான்!

"இவ்வளவு கஷ்டமேன்? கைப்பேசியில் யந்திரம் கணக்குப் போட்டுக் கொடுக்கிறதே" என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. யந்திரம் பெருக்கும், வகுக்கும். நம்மைவிட வேகமாயும் பிசகாமலும் செய்யும். ஆனால் எதை எதனால் வகுக்கவேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். பன்னிரண்டு அணாவால் வகுப்பதா, எட்டணாவால் வகுப்பதா என்று யந்திரத்துக்குத் தானாய்த் தெரியாது. அந்த யோசனைதான் கணக்கு, மற்றது கைவேலை.

ஆசிரியத் தோழர்களுக்கு முடிவாக நாம் சொல்லிக் கொள்ளுவது இவ்வளவுதான். சூத்திரத்தை முதலில் எழுதாதீர்கள். காகிதத்தைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து மளிகைச் சீட்டும், மின்சாரச் சீட்டும், கடன் சீட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை என்று அவர்களே போடட்டும். தப்பாய்ப் போட்ட பிள்ளையை அடிக்காமல் "எதன் மேல் போட்டாய்?" என்று கேளுங்கள். தப்பு எங்கே என்று அதுவே கண்டுபிடிக்கும். மூன்று கேள்விகளை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்: எதன் மேல்? எத்தனை நாளைக்கு? மொத்தம் எவ்வளவு?

மாணவத் தோழர்களே! இந்த மூன்று கேள்வியையும் பரீட்சையோடு விட்டுவிடாதீர்கள். உபாத்தியாயரிடத்திலும் கேளுங்கள், கடைக்காரரிடத்திலும் கேளுங்கள், சர்க்காரிடத்திலும் கேளுங்கள், ஓட்டுக் கேட்க வருகிறவரிடத்திலும் கேளுங்கள். நாமே இந்த மேடையில் நின்று 100-க்கு 90 பேர் இப்படி, 100-க்கு 80 பேர் அப்படி என்று பேசினாலும், "எந்த நூறு? எண்ணிப் பார்த்தது யார்?" என்று எழுந்து கேளுங்கள். நாம் கோபித்துக் கொள்ளமாட்டோம். கேள்வி கேட்கிறவனைக் கண்டு கோபிக்கிறவன் கையில் சரியான கணக்கு இல்லை என்று தெரிந்து கொள்ளுங்கள். இன்று இரவே உங்கள் வீட்டில் உள்ள கடன் சீட்டு ஒன்றை எடுத்து, கையில் வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவு என்று தாய் தகப்பனாருக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் படித்த படிப்புக்கு அதுதான் முதல் பரீட்சை.